கக்கூஸ் வாசலுக்கு ஒரு சீலை

வெங்காயமும் மிளகாயும் இனி வெளிநாட்டிலிருந்து வராது என்று அரசாங்கம் சொன்னதும், வெங்காயத் தோட்டக்காரர் கையில் காசு சேர்ந்து, மருதனார்மடத்துப் பக்கம் கல்வீடுகள் முளைக்கத் தொடங்கின. சீவரத்தினத்தின் வீடும் அப்படி முளைத்ததுதான். ஆனால் அதே அரசாங்கம் துணியையும் வெளியே நிறுத்திவிட்டது. ஆகவே ஊரில் புது யன்னல்கள் இருந்தன, யன்னலுக்குப் போடத் துணி இல்லை.

கூட்டுறவுச் சங்கக் கடையில் கைத்தறி கிடக்கிறது, எல்லா அறைக்கும் அதையே போட்டுவிடலாம் என்று சீவரத்தினம் சொன்னார். மனைவி ஞானாம்பிகை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அலுமாரியைத் திறந்து, கலியாணத்துக்குச் சொந்தக்காரர் கொடுத்த சீலைகளைக் கட்டிலில் பரப்பினாள். வெட்டித் தைத்தால் திரைச்சீலை. அந்தக் காலத்தில் பலரும் செய்த வேலைதான், ஒருவருக்கும் சந்தேகம் வராது. அவளுக்குப் பிடித்ததே அதுதான்.

எந்தச் சீலை எந்த அறைக்கு என்பதை அவள் துணியைப் பார்த்துத் தீர்மானிக்கவில்லை, கொடுத்த ஆளைப் பார்த்துத் தீர்மானித்தாள். பிள்ளைப்பேற்றுக்கு வந்து நின்று மருந்துச் சரக்குக் கறி காய்ச்சித் தந்த பெரியம்மாவின் மஞ்சள் சீலை ஹோலுக்கு. ஊர்க்கதை காவுகிற சின்ன மாமியின் சீலை தெருப்பக்க யன்னலுக்கு. கலியாணச் சாப்பாட்டில் உப்புக் குறைவென்று இன்றைக்கும் சொல்லித் திரிகிற சித்தப்பா குசினிக்கு, அடுப்புப் பக்கம் போனார். கொடுத்தது யாரென்றே மறந்துபோன ஒரு நீலச் சீலை படுக்கையறைக்கு. அங்கே ஒருவருடைய நினைவும் வரத் தேவையில்லை.

கடைசியில் ஒன்று மிஞ்சியது. வெங்காய நிறம், கடுகு மஞ்சளில் கரை, கரை முழுக்க மாங்காய். மச்சாள் இராசமலர் தந்தது.

இராசமலர் சீவரத்தினத்தின் தமக்கை. அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கரைக் கட்டி, பக்கத்தில் பட்டணம் போகிற வழியில் உள்ள திருநெல்வேலியில் இருப்பவள். கட்டிய நாளிலிருந்து, தானும் ஒரு தோட்டக்காரன் மகள்தான் என்பது அவளுக்கு ஞாபகத்தில் இல்லை. ஞானாம்பிகை கலியாணம் முடிந்து கால்மாறி மாப்பிள்ளை வீட்டுக்குப் போன அன்று, இராசமலர் ஒட்டின பெட்டியொன்றை அவள் கையில் வைத்துவிட்டு, சபைக்குக் கேட்கும்படி சொன்னாள்: "உள்ளை என்ன கலரோ எனக்குத் தெரியாது. தோட்டத்துக்கு உடுக்கிறதுக்கு எது எண்டாலும் காணுமெல்லோ."

சபை சிரித்தது. சீவரத்தினமும் சிரித்தார். அதற்கான தண்டனையை அவர் இன்றுவரை தவணை முறையில் அனுபவித்து வருகிறார். ஞானாம்பிகை அந்தச் சீலையை ஒருநாளும் உடுக்கவில்லை, எறியவுமில்லை. அந்தச் சபையைப் போல இன்னொரு சபை கூடுமட்டும் காத்திருந்தாள்.

இப்போது கூடப்போகிறது. புது வீட்டின் விசேஷம் வீட்டுக்குள்ளேயே இருந்த கக்கூஸ். அந்த ஒழுங்கையில் அதுதான் முதல். வீடு புகும் குடிபூரலுக்கு வரும் சனம் சாமியறையைப் பார்க்காமல் போனாலும் போகும், அதைப் பார்க்காமல் போகாது. தச்சன் பலகை இல்லையென்று இழுத்தடித்ததில் அதற்குக் கதவும் இல்லை. வாசலுக்கு ஒரு சீலை வேண்டியிருந்தது.

"உது அக்கா தந்ததெல்லோ. உமக்கென்ன விசரே?" என்றார் சீவரத்தினம்.

"சபையிலை தந்தவ. நானும் சபையிலைதான் திருப்பிக் குடுக்க வேணும்."

குடிபூரலன்று பால் பொங்கி முடிந்ததும் கக்கூசுக்கு வரிசை கட்டிவிட்டது. ஞானாம்பிகை மச்சாளைக் கையில் பிடித்து முன்னுக்குக் கூட்டிப்போனாள். சொல்லவேண்டிய வசனங்களை அவள் வெங்காயம் நட்ட நாட்களிலெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள்.

இராசமலர் சீலையை விரலால் உரசிப் பார்த்தாள். "நல்ல துணி மச்சாள். கக்கூசுக்குப் போட உங்களுக்கு மனம் வந்ததே? எங்கை எடுத்தனீங்கள்?"

முகத்தில் ஒன்றுமில்லை. நடிப்புமில்லை. குத்தவேண்டியவளுக்குக் குத்தாவிட்டால், ஞானாம்பிகை வெறுமனே ஒரு திரைச்சீலை தைத்தவள், அவ்வளவுதான். நீங்கள் தந்ததுதான் என்று வாயைத் திறக்கப்போகும்போது, பின்னாலிருந்து ஒரு கை நீண்டு கரையைப் பிடித்தது. ஞானாம்பிகையின் தாய் மீனாம்பிகை.

மீனாம்பிகை மாங்காய்களைத் தடவிப் பார்த்தாள். பிறகு இராசமலரைப் பார்த்தாள்.

"இது நான் உங்களுக்கெண்டு எடுத்த சீலையெல்லோ, பிள்ளை."

கலியாணத்துக்கு முதல் மாப்பிள்ளையின் சகோதரிக்குப் பெண்வீட்டார் சீலை கொடுப்பது வழக்கம். மீனாம்பிகை பெரியகடையில் பொழுதுபடுமட்டும் நின்று, கடைக்காரரின் பொறுமையைக் கெடுத்து, இதை எடுத்துப் பெட்டியில் ஒட்டிக் கொடுத்தனுப்பியிருந்தாள். கலியாணப் பெண் அதைக் கண்ணாலும் காணவில்லை. இராசமலரும் காணவில்லை. தோட்டக்காரர் தந்தது என்று பிரிக்காமலே வைத்திருந்து, பிரிக்காமலே மருமகளாய் வந்தவளின் கையில் கொடுத்திருக்கிறாள். உள்ளே என்ன நிறமென்று தெரியாது என்று அவள் அன்றைக்குச் சொன்னது உண்மை.

வரிசையில் நின்றவர்களுக்கு இது விளங்க அதிக நேரம் எடுக்கவில்லை. சின்ன மாமி முன்னுக்கு வந்து நின்றாள்.

"பெட்டி மாறிப் போச்சுதாக்கும்," என்றாள் இராசமலர். ஒருவரும் ஓம் என்று சொல்லி உதவவில்லை.

"அம்மா, எனக்குத் தெரியாது…" என்று ஞானாம்பிகை தொடங்கினாள். அம்மாவின் கை கரையை இன்னும் விடாமல் பிடித்திருந்ததைக் கண்டு நிறுத்திவிட்டாள். மச்சாளுக்கு வைத்த அடி யாரில் பட்டிருக்கிறதென்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மீனாம்பிகை மகளைப் பார்க்கவில்லை. சீலையை மரியாதையாக ஒரு பக்கம் ஒதுக்கிப் பிடித்தாள்.

"உள்ளை போங்கோ பிள்ளை. உங்கடை சீலைதானே, ஏன் வெளியிலை நிக்கிறியள்?"

வெளியே நின்றால் மறுமொழி சொல்லவேண்டும். இராசமலர் உள்ளே போனாள். மீனாம்பிகை சீலையை விட்டு, மடிப்புகளை நேராக்கினாள். வரிசை அசையவில்லை. பாற்சோறு ஆறிக்கொண்டிருந்தது. அக்கா எங்கே என்று கேட்டு வந்த சீவரத்தினம், பெண்களின் முகங்களைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பினார்.

"முந்தானையை வெட்டிப் போட்டியோ?" என்று மகளிடம் கேட்டாள் மீனாம்பிகை.

"ஓம் அம்மா. மிச்சத் துண்டு கிடக்கு."

"எறியாதை. உள்ளை போன உவவின்ரை மகள் பெரிசாகிறாளெல்லோ. சாமத்தியச் சடங்குக்கு ஒட்டின பெட்டியிலை வைச்சுக் குடுப்பம்." அவள் குரலைத் தாழ்த்தவில்லை. சீலை சத்தத்தை மறைக்காது என்பது அவளுக்குத் தெரியும்.

உள்ளே இராசமலர் தண்ணீர்க் குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள்.