கொட்டிப் பார்த்த சிவப்பு

ராயக்கோட்டை மண்டியில் பெட்டியைக் கொட்டிப் பார்க்காமல் நான் தக்காளி வாங்குவதில்லை. ஓசூர் கம்பெனி கேன்டீன்களுக்குச் சரக்குப் போடுகிறவன் நான். மேலே பழத்தை அடுக்கி அடியில் காயைத் தள்ளுவது இங்கே எல்லாரும் செய்கிற வேலை.

அன்று காலை மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. டெம்போவில் மகள் அருணா உட்கார்ந்திருந்தாள். பெங்களூரில் கேலக்ஸி என்கிற நட்சத்திரக் கூட்டங்களை ஆராய்ச்சி செய்தவள், இனி வேண்டாமென்று வந்துவிட்டாள். என் தம்பி முறையான ஆஞ்சப்பனைப் பிடித்து ஒரு கம்பெனியில் வேலைக்குச் சொல்லி வைத்தது நான்தான். அன்றைக்கே போய்ப் பார்க்க வேண்டும். அந்தப் படிப்பை நான் என்றைக்கும் நம்பியதில்லை.

"ஏன் மாமா, என் பெட்டியயுமா கொட்டுவ?" என்றான் தக்காளி கொண்டுவந்திருந்த சென்னப்பன்.

"உன்னுதத்தான் மொதல்ல கொட்டணும்."

அடியில் பாதி பச்சை. "செடி பண்ண தப்பு மாமா" என்று இளித்தான்.

வண்டியைக் கிளப்பியதும் அருணாவைக் கேட்டேன். "அப்படி என்னாதான் ஆச்சு?"

"ஒரு கேலக்ஸிப்பா. படத்துல நல்ல செவப்பு. ரொம்ப தூரத்துலேர்ந்து வர்ற வெளிச்சம் செவந்துடும். அதனால பிரபஞ்சம் பொறந்த புதுசுல உள்ளதுன்னு எழுதிட்டேன். அப்ப எல்லாமே சின்னச் சின்னதாத்தான் இருக்கும். வாயு சேந்து, ஒண்ணோட ஒண்ணு மோதித்தான் பெருசாவும். இது அப்பவே அவ்ளோ பெருசுன்னு எல்லாரும் என்னத் தலைல தூக்கி வெச்சு ஆடுனாங்க."

"அப்புறம்?"

"வெளிச்சத்த நெறம் நெறமாப் பிரிச்சுப் பாத்தா, அவ்ளோ தூரமில்ல. அதுல தூசி நெறைய. தூசி இருந்தாலும் செவப்பாத்தான் தெரியும்."

"பிரிச்சுப் பாத்தது யாரு? ஆகாதவனா?"

"நான்தாம்ப்பா. மனசு ஒப்பல. தப்புன்னு நானே எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்."

உத்தனப்பள்ளி தாண்டி வண்டியை ஓரம் கட்டினேன். தன் பெட்டியைத் தானே கொட்டிக் காட்டின ஒருத்தனையும் நான் மண்டியில் பார்த்ததில்லை.

"என்னாப்பா, நேரமாவுது."

"அந்தப் படத்துல வேற செவப்பு இருக்குதா?"

"ஒண்ணு இருக்குது. இன்னும் பிரிச்சுப் பாக்கல. அதுவும் தூசியா இருந்தா?"

"தூசின்னு சொல்லு. அதுக்கு ஏன் ஓடியாந்த?"

போன் அடித்தது. ஆஞ்சப்பன். எடுத்து அவளிடம் நீட்டினேன். வாங்கிக் காதில் வைத்தாள்.

"சித்தப்பா, நான் வேலைக்கு வரல சித்தப்பா."

"கம்பெனி கேட்டாண்ட நிக்கிறேன், என் மானத்த வாங்கறீங்களே!" அவன் கத்தியது எனக்கே கேட்டது.

போனைக் கொடுத்துவிட்டு அவள் கேட்டாள். "இப்பவாச்சும் என் படிப்ப நம்பறியாப்பா?"

"பிரபஞ்சம் பொறந்தத எவன் பாத்தான்? மொதல்ல அந்த இன்னொண்ணக் கொட்டு. அப்புறம் சொல்றேன்."

ஓசூரில் பெங்களூர் பஸ் ஏற்றிவிட்டேன். அன்றிலிருந்து மண்டியில் பெட்டி கொட்டும்போதெல்லாம் கை சட்டைப்பையில் இருக்கிற போனுக்குப் போகிறது. அவள் இன்னும் கூப்பிடவில்லை.