பதினைந்து நிமிடக் குளியல்

திருச்செல்வம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்குக் குழாயடியில் நின்றவன், ஏழு வருடம் ஐந்து மாதம் அந்தத் தண்ணீரை விட்டு வெளியே வரவில்லை. நின்ற இடம் புக்கிட் பெருவாங்குக்குப் பின்னால், எவர்சில்வர் குழாய்களை ஆசிட்டில் முக்கிக் கறை எடுத்து அனுப்பும் ஒரு தொழிற்சாலை. குளியலறை என்று ஒன்றும் கிடையாது. ஆசிட் தொட்டிகள் இருக்கும் கொட்டகையை ஒட்டி, பச்சைப் பெயின்ட் அடித்த ஒரு குழாய் தரையிலிருந்து எழும்பி, தலைக்கு மேலே வளைந்து, அகலமான பூவாளி வாயோடு முடியும். முக்கோணப் பிடியை இழுத்தால் நிமிடத்துக்கு ஐந்து வாளித் தண்ணீர் கொட்டும். ஆசிட் பட்டவன் குறைந்தது பதினைந்து நிமிடம் அதன் கீழே நிற்க வேண்டும் என்று பக்கத்துச் சுவரில் மூன்று மொழிகளில் எழுதியிருந்தது. அதில் தமிழ் இல்லை.

தப்பு அவனுடையதுதான். அதை அவன் ஒரு நாளும் மறுத்ததில்லை. நியாலாஸ் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். அங்கே ரப்பர் பாலை உறைய வைக்க ஊற்றுவதும் ஆசிட்தான். சிந்தினால் இரண்டு மூட்டை மரத்தூளைக் கொட்டி, ஊறியதும் கூட்டி அள்ளிக் கால்வாயில் தள்ளிவிட்டு வேலையைப் பார்க்கப் போவார்கள். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்று, சனங்கள் டவுனுக்கு வந்த பிறகும், ஆசிட் என்றால் மரத்தூள் என்பது அவர்கள் கையிலேயே தங்கிவிட்டது. தொழிற்சாலையில் இருந்ததோ நைட்ரிக். மரம், துணி, காகிதம், எது பட்டாலும் அதைத் தின்று நெருப்பாக்கும் ரகம். ஆயிரம் லிட்டர் தொட்டியின் அடிக்குழாய் உடைந்து ஆசிட் தரையில் ஓடியபோது, அதன்மேல் கொட்ட வேண்டிய மணலும் சோடாத்தூளும் அலமாரியில் பூட்டிக் கிடந்தன. சாவி ஆபீஸில். திருச்செல்வம் ஓடிப்போய், சாமான் கட்டும் இடத்திலிருந்து இரண்டு மூட்டை மரத்தூளை இழுத்து வந்து கொட்டினான். தூள் முதலில் கறுத்தது, பிறகு கொதித்தது, பிறகு செங்கல் நிறத்தில் புகை எழுந்து தீயும் பிடித்தது. பின்வாங்கியவன் வழுக்கி ஆசிட்டிலேயே விழுந்தான். இடது தோளிலிருந்து இடுப்பு வரை நனைந்துவிட்டது. அந்தப் புகைக்குள் புகுந்து, அவன் காலைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வந்து, குழாயின் பிடியை இழுத்து விட்டவர் கூட வேலை செய்த ரங்கசாமி. இருமினார். முகத்தைக் கழுவினார். "ஒண்ணும் இல்லலா, தொண்டைதான் கரகரங்குது" என்று மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் போனார். மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டார். மறுநாள் விடிவதற்குள் நெஞ்சில் நீர் கோத்துச் செத்துப்போனார். அந்தப் புகை அப்படித்தான். ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பின்னாலேயே வரும்.

தீயணைப்புப் படையான பொம்பாவை அழைத்த பதினெட்டாவது நிமிடம் லோரி வந்தது. காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து அதற்கு எதிர்ப்பக்கம் நிறுத்தினார்கள். தலை முதல் கால் வரை மூடிய உடுப்பில், முதுகில் காற்றுச் சிலிண்டரோடு நான்கு பேர் உள்ளே போனார்கள். மணலால் அணை கட்டிக் கால்வாயை மறித்தார்கள். தண்ணீரைத் திரை மாதிரி அடித்துப் புகையை அமுக்கினார்கள். நுரை அடங்கும் வரை சோடாத்தூளைக் கொட்டினார்கள். மதியம் இரண்டு மணிக்குத் தரை சுத்தம், கால்வாய் சுத்தம். மிச்சம் இருந்தது திருச்செல்வம் மட்டும்தான். பதினைந்து நிமிடம் முடிந்து வெளியே வா என்றபோது ஒரு காலைத்தான் எடுத்து வைத்தான். தோளிலிருந்து புகை கிளம்பியது. மறுபடி தண்ணீருக்குள் தள்ளினார்கள். அரை மணி நேரம் பார்த்தார்கள், ஒரு மணி நேரம் பார்த்தார்கள். தண்ணீரில் இருக்கும்வரை ஒரு வலியும் இல்லை, விலகினால் தோல் பொரிந்தது. பொம்பா அதிகாரி இன்னும் கொஞ்சம் கழுவட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அவன் மனைவி புனிதா கிளேபாங்கில் தேங்காய் ஷேக் என்ற குளிர்பானம் விற்கும் கடையில் வேலை செய்துகொண்டிருந்தாள். சாயங்காலம் கடை ஏப்ரனோடு ஓடி வந்தாள்.

"என்னாங்க, எப்பங்க வெளிய வருவீங்க?"

"இன்னும் கொஞ்ச நேரந்தான். மலர ஸ்கூல்லேருந்து கூட்டிட்டியா?"

மகள் மலர்விழிக்கு அப்போது ஆறு வயது. அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் இடைநிலைப் பள்ளியில் படிவம் ஒன்றுக்குப் போய்விட்டாள்.

முதல் வாரமே ஆஸ்பத்திரி முயற்சி நடந்தது. பொம்பா லோரியின் மேலே உட்கார வைத்து, வழி முழுக்கக் குழாயால் நனைத்துக்கொண்டே கொண்டுபோனார்கள். ஒன்றரை மணி நேரத்தில் ஆஸ்பத்திரித் தொட்டி காலியாகி, பிரசவ வார்டில் தாதிகள் சத்தம் போட, வந்த வழியே திருப்பி அனுப்பினார்கள். பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தண்ணீருக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்தே தூங்கப் பழகினான். படுத்தால் மூக்கில் தண்ணீர் ஏறும். புனிதா தினம் இரண்டு வேளை வந்து, தண்ணீருக்கு வெளியே குடையை நீட்டிப் பிடிப்பாள். அவன் முகத்தை மட்டும் குடைக்குள் நீட்டிச் சாப்பிடுவான். தொடக் கூடாது என்பது உத்தரவு. நீண்ட கரண்டியால்தான் ஊட்டினாள். வலது தோளில் பாசி பிடித்தது, சனிக்கிழமைதோறும் அவனே தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டான். பாதுகாப்பு அதிகாரி புவனேஸ்வரன், டவுனில் வளர்ந்த படித்த பையன், தினமும் காலையில் அவன் முழங்கையிலிருந்து வழியும் நீரில் ஒரு சோதனைத் தாளை நனைப்பான். ஆசிட் இருந்தால் தாள் சிவக்கும். "செவப்புதான்க்கா," என்பான், மழை வருமா என்று கேட்டவருக்குப் பதில் சொல்வது போல. கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து நாடே அடைந்து கிடந்தபோது, புனிதா அவனுக்குச் சாப்பாடு ஊட்டுவது அத்தியாவசியச் சேவை என்று புவனேஸ்வரன் ஒரு கடிதம் கொடுத்தான். போலீஸ்காரர்கள் சாலைத் தடுப்பில் அதைப் படித்துவிட்டு, சாப்பாடு ஆறிவிடும், சீக்கிரம் போ என்றார்கள்.

நான்காம் வருடம் ரங்கசாமியின் திதியன்று திருச்செல்வம் சாப்பாட்டைத் தொடவில்லை.

"புனிதா, வால்வ அடைச்சிரு. போதும். எனக்காவ உள்ள வந்தவரு போய்ச் சேந்துட்டாரு. நான் எதுக்கு இங்க ஒக்காந்திருக்கேன்?"

"வாயத் தொறங்க."

"நான் சொல்றது கேக்குதா?"

"தண்ணி சத்தத்துல ஒண்ணும் கேக்கல. வாயத் தொறங்க, கை வலிக்குது."

அன்றைக்கே மோட்டார் சங்கிலியைக் கொண்டுவந்து, குழாய்க்குத் தண்ணீர் விடும் வால்வின் சக்கரத்தைப் பூட்டி, சாவியைத் தாலிக்கொடியில் மாட்டிக்கொண்டாள். கழுவக் கழுவ ஒரு நாள் ஆசிட் தீர்ந்துதான் ஆக வேண்டும், அதுவரை தண்ணீர் நிற்கக் கூடாது. அவள் கணக்கு அவ்வளவுதான். அவளுக்கு அவன் வீட்டுக்கு வர வேண்டும்.

எட்டாம் வருடம் மழை பொய்த்தது. அணையின் அடியில் தரை தெரிந்தது. சுற்றியிருந்த தாமான் குடியிருப்பு வீடுகளில் இரண்டு நாளைக்கு ஒரு முறை வந்த தண்ணீர், பிறகு வாரத்துக்கு ஒரு முறை ஆயிற்று. தொழிற்சாலை பின்வாசலில் சனங்கள் கூடினார்கள்.

"எங்க பைப்புல காத்து வருது, இங்க ஒருத்தன் நாள் பூரா குளிக்கிறான்!"

"ஏழு வருஷமா குளிச்சும் அழுக்கு போவலன்னா, அது என்னா அழுக்குலா?"

முன்னால் நின்றவள் ரங்கசாமியின் மனைவி நிர்மலாதேவி. அவள் சத்தம் போடவில்லை. "புனிதா, என் வூட்டுக்காரரு ஒடம்புக்குள்ள தண்ணி பூந்து செத்தாரு. ஒன் வூட்டுக்காரரு தண்ணியிலயே உசுரோட ஒக்காந்திருக்காரு. நானும் எத்தன வருஷந்தான் பாத்துக்கிட்டே இருக்கிறது?"

"அண்ணி, என்னைய செருப்பால அடிங்க. வால்வ மட்டும் தொடாதீங்க," என்று புனிதா சக்கரத்தின் மேலே ஏறி உட்கார்ந்தாள். மூன்று நாள் இறங்கவில்லை. அதனால் தண்ணீர் வாரியத்தார் அவளோடு மல்லுக்கு நிற்காமல், முச்சந்தியில் இருக்கும் பெரிய குழாயையே திங்கள் காலை பத்து மணிக்கு அடைப்பதாக அறிவிப்பு ஒட்டினார்கள். அவள் பொம்பாவிடம் ஓடினாள். லோரிகள் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தன. கோயிலில் கேட்டாள், குளத்தில் சேறு. கடைகடையாக ஏறி இறங்கிப் பதினோரு பீப்பாய் சேர்த்தாள். பதினோரு பீப்பாய் அரை மணி நேரத்துக்குத்தான் வரும். அரை மணி நேரத்துக்குப் பிறகு என்ன என்று கேட்க ஆள் இல்லை, அவளும் கேட்டுக்கொள்ளவில்லை.

திங்கள் பத்து மணிக்கு முச்சந்தியில் குழாயை அடைத்தார்கள். புனிதா ஸ்டூலில் ஏறி, நிரம்பிய வாளியோடு அவன் தலைக்கு மேல் தயாராக நின்றாள். பச்சைக் குழாய் ஒரு முறை இருமியது. பிறகு எப்போதும் போல நிமிடத்துக்கு ஐந்து வாளி கொட்டிக்கொண்டே இருந்தது. வாரியத்து ஆள் வந்து பார்த்தார். போய்த் திறந்து மறுபடி அடைத்துவிட்டு வந்தார். குழாயில் காதை வைத்தார். உள்ளே ஒரு சொட்டு ஓடும் சத்தம் இல்லை, இரும்பு வெயிலில் சுட்டுக் கிடந்தது. கசிவு இல்லை என்று தாளில் எழுதிக்கொண்டு போய்விட்டார். அன்று மதியம் நிர்மலாதேவி ஒரு வாளியோடு வந்து, தண்ணீர் அவன்மேல் படாமல் விழும் ஓரத்தில் வைத்தாள். நிரம்பியதும் தூக்கிக்கொண்டு போனாள். சாயங்காலத்துக்குள் வரிசை பின்வாசலைத் தாண்டிவிட்டது.

ஒன்பதாம் நாள் காலை புவனேஸ்வரன் தாளை நனைத்தான். வெயிலில் காட்டினான். இன்னொரு தாளை எடுத்து நனைத்தான். "அக்கா, செவக்கலக்கா," என்றான்.

புனிதா குடையைக் கீழே போட்டாள். வரிசையில் நின்றவர்களுக்கும் விஷயம் புரிந்துவிட்டது.

"நல்ல சேதிதான் தங்கச்சி. ஆனா அவரு வெளிய வந்து தண்ணி நின்னுபோச்சின்னா? மழ வர்ற வரைக்கும் இருக்கட்டுமே."

"ஏழு வருஷம் இருந்தவருக்கு ஏழு வாரம் என்னா?"

திருச்செல்வம் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. "அவங்க சொல்றதும் சரிதான் புனிதா. புள்ளகுட்டிக்காரங்க. நான் இருந்துட்டுப் போறேன்."

"நீங்க இருப்பீங்க. நான் இருக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டு அவள் தண்ணீருக்குள் கையை விட்டு, அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். ஏழு வருடத்தில் முதல் தடவை. ஊறிப்போன கை வழுக்கியது. இரண்டு கையாலும் பிடித்து, ஒரே இழுப்பாக வெளியே இழுத்தாள். வரிசையில் யாரோ ஐயோ என்றார்கள். புகை வரவில்லை. ஆனால் தண்ணீரும் அவனோடு வெளியே வந்துவிட்டது. பச்சைக் குழாயின் வாய் காய்ந்து நின்றது. அவன் தலைக்கு ஒரு முழம் மேலே, ஒன்றுமில்லாத இடத்திலிருந்து, நிமிடத்துக்கு ஐந்து வாளி கொட்டிக்கொண்டிருந்தது. அவன் ஓரடி நகர்ந்தான். அதுவும் ஓரடி நகர்ந்தது.

புனிதா அண்ணாந்து பார்த்தாள். உலர்ந்த ஆளாக வருவான் என்றுதான் அவள் ஏழு வருடமாக நினைத்திருந்தாள். ஒரு சட்டைகூடத் தேய்த்து வைத்திருந்தாள். "சரி, நடங்க," என்றாள்.

தங்கள் பிளாட் வீடு வரைக்கும் நடந்தே போனார்கள். வரிசை வாளிகளோடு பின்னால் வந்தது. தாமான் கடைசியில் இருந்தவர்கள் மட்டும் இனி தூரம் அதிகம் என்று முணுமுணுத்தார்கள். மூன்றாம் மாடியில் மலர்விழி கதவைத் திறந்தாள். அப்பாவை மேலும் கீழும் பார்த்தாள். "ஒரு நிமிஷம்ப்பா," என்று உள்ளே ஓடி, டிவியின் மேலே பிளாஸ்டிக் துணியைப் போர்த்திவிட்டு வந்து, "இப்ப வாங்க" என்றாள். கூடத்துத் தரையில் திருச்செல்வம் ஒருக்களித்துப் படுத்தான். தண்ணீர் தோளிலும் இடுப்பிலும் விழுந்து மூக்கை விட்டுவிட்டது. புனிதா மோட்டாருக்குப் போடும் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு பக்கத்தில் படுத்தாள். அந்தப் பட்டப்பகலில் இரண்டு பேரும் பொழுது சாயும்வரை தூங்கினார்கள்.

கீழ்வீட்டுக் கோமளா கூரை ஒழுகுகிறது என்று முதல் வாரம் பிளாட் நிர்வாகத்திடம் புகார் எழுதிக் கொடுத்தாள். இரண்டாம் வாரம், ஒழுகும் இடத்துக்கு நேராகத் தன் துணி துவைக்கும் இயந்திரத்தை நகர்த்தி வைத்து மூடியைத் திறந்துவிட்டாள்.