ராகு காலத்து நிழல்

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கே பசுபதி கூடத்துத் திரையை அகலத் திறந்துவிட்டு, தரையை இன்னொரு முறை துடைத்தார். சிங்கப்பூரின் சுவா சூ காங்கில் பதினாலாவது மாடி வீடு. நல்ல காற்று, நல்ல வெளிச்சம். வாங்க வருகிறவர்கள் ஐந்தரைக்குள் கிளம்பிவிட வேண்டும், அதுதான் அவருடைய ஒரே கவலை.

ஐந்தரைக்கு மேல் காற்றாலை வீட்டுக்குள் வந்துவிடும். எதிர்த் தொழிற்கூட வளாகத்தில் இரண்டு வருடத்துக்கு முன்பு சோதனைக்கென்று நட்டது அது. வெயில் சாய்ந்ததும் அதன் இறக்கை நிழல் சன்னல் வழியே புகுந்து, சோபாவைத் தாண்டி, சாமிப் படங்களைத் தடவிக்கொண்டு போகும். போனது மறுபடி வரும். கூடவே அடிவயிற்றில் கேட்பதுபோல் ஓர் உறுமல். முன்பு பார்க்க வந்த மூன்று குடும்பமும் அதைக் கண்டதும் நழுவிவிட்டன. நாலாவதாக வந்தவர் அடிமாட்டு விலைக்குக் கேட்டார். அந்த விலைக்கு விற்றால், மகள் ஆரபி இருக்கும் கிளமெண்டிக்குக் குடிபோவதை மறந்துவிட வேண்டியதுதான்.

அப்போதுதான் பசுபதிக்கு அந்த யோசனை உதித்தது. சூரியன் ஏழு மணிக்கு மறையும் சிங்கப்பூரில் ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் ஐந்தரை வாக்கில்தான் தொடங்கும். தமிழ் ஆட்களாகப் பார்த்துக் கூப்பிட்டு, "சாயங்காலம் ராகு காலம் வந்துரும், அதுக்கு முன்னாடி பாத்துட்டுப் போயிடுங்க" என்று போனில் சொல்லிவிடுவார். யார் மறுப்பார்கள்?

நாள் நட்சத்திரம் பார்க்காமல் கல்யாணம் செய்துகொண்ட மனிதர் அவர். ஆனால் நிழலுக்கு ராகு காலம் என்று பெயர் வைத்த நாளிலிருந்து அது அவரையே பிடித்துக்கொண்டது. முன்பு வெறும் எரிச்சல்தான். இப்போதோ ஐந்தரை ஆனால் உள்ளங்கை வேர்க்கிறது. மனைவி இரஞ்சிதத்தின் முகத்தை நிழல் மூடித் திறக்கும் ஒவ்வொரு முறையும், அவள் அப்படியேதான் இருக்கிறாளா என்று பார்த்துக்கொள்கிறார்.

"ராகுவை நம்பாத ஆளு நீங்க. இப்ப நீங்களே அதைக் கூப்பிட்டு நடுவீட்டுல உக்கார வச்சுட்டீங்க" என்றாள் இரஞ்சிதம்.

நாலரைக்கு ஜெய்யும் அவன் மனைவி நிவேதிதாவும் வந்தார்கள். இரண்டாம் முறையாக வருகிறார்கள். அவளுக்கு ஏழு மாதம். வந்ததும் சோபா பக்கம் போய் நின்று, தொட்டிலுக்கு இடத்தைக் கையால் அளந்து பார்த்தாள்.

"பேபி காட் இங்க போட்டுடலாம் லா. நல்ல வெளிச்சம்."

பேச்சு முடிய ஐந்தே கால் ஆகிவிட்டது. ஜெய் வீட்டு விற்பனை ஒப்பந்தக் காகிதங்களை மேசையில் பரப்பினான். "விலை ஓகே, அங்கிள். நீங்க ஆப்ஷன்ல சைன் பண்ணிடுங்க. வேற எதாச்சும் நாங்க தெரிஞ்சுக்கணுமா?"

"ஒண்ணுமில்ல தம்பி."

"அவர்கிட்ட போய் கேக்குறீங்களே" என்று நிவேதிதா சிரித்தாள். "ராகு காலம்லாம் பாக்குறவர், நமக்குக் கெடுதல் பண்ணுவாரா?"

பசுபதி பேனாவைத் திறந்தார். அவள் இன்னும் அதே இடத்தில், வயிற்றில் கை வைத்தபடி நின்றாள். பேனா காகிதத்தைத் தொடவில்லை. மூடி வைத்துவிட்டார்.

"கொஞ்சம் இருங்கம்மா. ராகு காலத்துலயும் ஒரு தடவை வீட்டைப் பாத்துடுங்க."

உறுமல் முதலில் வந்தது. பிறகு கறுப்பாக ஒன்று சுவரேறி, நிவேதிதாவின் வயிற்றின்மேல் ஊர்ந்து போனது. அவள் துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். அது திரும்பி வந்தது.

ஜெய் சன்னலையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். "இதுக்குத்தான் சீக்கிரம் போகச் சொன்னீங்களா, அங்கிள்?"

"ஆமா தம்பி. மன்னிச்சுக்கங்க."

ஜெய் காகிதங்களைப் பைக்குள் போட்டான். வாசலில் நிவேதிதா மட்டும் திரும்பிப் பார்த்து, "தேங்க்ஸ் அங்கிள்" என்றாள்.

கதவைச் சாத்திவிட்டு வந்து, இத்தனை நாள் விலகி ஓடிய சோபாவிலேயே பசுபதி உட்கார்ந்தார். நிழல் அவர்மேல் போய்ப் போய் வந்தது. உள்ளங்கை வேர்க்கவில்லை.

"கிளமெண்டி?" என்று கேட்டாள் இரஞ்சிதம்.

"கிடைக்கிற விலைக்கு ஏத்த மாதிரி பாப்போம். அடுத்தவங்களை அஞ்சரைக்கே வரச் சொல்லு" என்றார் பசுபதி. "காத்தாலை வீட்டு விலையைத்தான் இறக்குச்சு, ரஞ்சிதம். அதை மறைச்சப்போ நானே இறங்கிட்டேன். குறையைச் சொல்லாம வித்தா, நம்ம நிழலை இன்னொருத்தர் குழந்தை மேல போட்டுட்டுப் போற மாதிரி."