வெள்ளையம்மாவின் கோப்பு

சந்திரமதி கடைசியாக ஓட்டுச் சீட்டில் குறியிட்டு ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. இது யாருக்கும் தெரியாது. சொன்னாலும் நம்ப மாட்டார்கள். சாஆ என்ற சிற்றூரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பிறந்து, பிறப்புப் பதிவு இல்லாததால் குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு ஐசி என்னும் அடையாள அட்டையோடு காலம் தள்ளிய பெண்களுக்கு நீல ஐசி வாங்கித் தந்தவர் அவர். நீல ஐசி குடிமக்களுக்கானது; அது இருந்தால்தான் ஓட்டு. தொழிற்சங்க அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்த நாளில் தொடங்கிய அலைச்சல், ஓய்வு பெற்ற பிறகும் நிற்கவில்லை.

அந்தப் பெண்களில் மூத்தவர் வெள்ளையம்மா. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, பிறகு எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கித் தேய்ந்த உடம்பு. ஆஸ்துமா வேறு. அவர் பேசுவதற்கு முன்னால் மூச்சு வந்து நிற்கும். தினம் கிழிக்கும் நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் ஒரு கட்டம் வரைந்து, ஓட்டுச் சீட்டில் போடுவதுபோல் அதற்குள் பெருக்கல் குறி போட்டுப் பழகுவார்.

“கோடு வெளிய போனா செல்லாதாமே, சந்திரா” என்பார்.

எழுதப் படிக்கத் தெரியாத அந்தக் கை வேறு எதையும் எழுதப் பழகியதில்லை.

2011இல் முப்பத்தொரு பெண்களின் கோப்புகளை ஒன்றாகக் கட்டி அரசு அலுவலகத்தில் கொடுத்தார் சந்திரமதி. சில மாதம் கழித்து ஓர் அதிகாரி அவரை உள்ளே அழைத்தார். நல்ல மனிதர். வெள்ளையம்மாவின் தாள்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன, வயதும் எழுபதைத் தாண்டிவிட்டது, இதை மட்டும் பிரித்து முதலில் அனுப்பட்டுமா என்று கேட்டார். மற்றவை இழுக்கும் என்றும் சொன்னார்.

வேண்டாம் என்றார் சந்திரமதி. பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்தது வெள்ளையம்மாவின் முகம்தான். அவருக்குக் கிடைத்துவிட்டால் மற்ற முப்பது பேரை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? எல்லாம் சேர்ந்தே போகட்டும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். அங்கே பெஞ்சில் வெள்ளையம்மா காத்திருந்தார்.

“என்னா சொன்னாங்க?”

“கொஞ்ச நாள் ஆவுமாம்மா.”

கொஞ்ச நாள் மூன்று வருடமாயிற்று. 2014 மழைக்காலத்தில் வெள்ளையம்மா மூச்சுத் திணறி இறந்துபோனார். அடுத்து வந்த ஆண்டுகளில் மற்றவர்களுக்கு ஒவ்வொருவராகக் கிடைத்தது. கட்டைப் பிரிக்காததால்தான் கிடைத்ததா, பிரித்திருந்தாலும் கிடைத்திருக்குமா என்று அறிய இனி வழியில்லை.

2018 தேர்தலில் சாவடிக்குள் பேனாவை எடுத்தபோது சந்திரமதியின் முதுகுக்குப் பின்னால் அந்த மூச்சு கேட்டது. இழுத்து, நின்று, மெல்லிய சீழ்க்கையோடு வெளியேறும் மூச்சு. திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. மறுபடி குனிந்தார். மூச்சு இன்னும் பக்கத்தில் வந்தது, தன் முறைக்காகக் காத்திருப்பவர் போல. அவரால் கோடு இழுக்க முடியவில்லை. வெற்றுச் சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டார். விரலில் மை இருந்ததால் வெளியே நின்றவர்கள் கைகொடுத்து வாழ்த்தினார்கள்.

அதன்பிறகு அந்த மூச்சு வீட்டுக்கும் வந்தது. யாருக்காவது படிவம் நிரப்ப உட்கார்ந்தால் எதிர் நாற்காலியிலிருந்து கேட்கும். மழை பெய்தால் கூடும். காதில் ஒன்றுமில்லை என்றார் டாக்டர்.

2022 மார்ச்சில் மாநிலத் தேர்தல் வந்தது. வெள்ளையம்மாவின் மகள் கஸ்தூரிக்கு அது முதல் ஓட்டு. முப்பத்தொரு கோப்புகளில் அவளுடையதும் ஒன்று. எல்லாருக்கும் கடைசியாகத்தான் அவளுக்கு நீல ஐசி வந்தது. பத்து பாகாட் நகரில் ஒரு துணித் தொழிற்சாலையில் தையல் வேலை. ஓட்டு சாஆவில் இருந்ததால் காலை பஸ்ஸில் வந்தாள். சந்திரமதி பஸ் நிறுத்தத்திலிருந்து அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு, வாக்குச் சாவடி இருந்த பள்ளிக்கூட வாசலில் நிறுத்தினார்.

கஸ்தூரி கைப்பையிலிருந்து மஞ்சளேறிய நாட்காட்டித் தாள் ஒன்றை எடுத்தாள்.

“அம்மா போட்டுப் பழகுனது. பெட்டி நெறைய கெடக்கு. இன்னிக்கு ஒண்ணு எடுத்துட்டு வந்தேன்.”

குறி கட்டத்தின் நடுவில் கச்சிதமாக இருந்தது. சந்திரமதிக்குப் பின் இருக்கையில் மூச்சு கேட்டது.

“கஸ்தூரி, ஒங்கம்மாவுக்கு அப்பவே ஐசி கெடைச்சிருக்கும்” என்றார். “தனியா அனுப்பட்டுமான்னு ஆப்பீசர் கேட்டாரு. நாந்தான் வேணாம்னுட்டேன்.”

நடந்ததை முழுவதும் சொன்னார். எதையும் மென்மையாக்கவில்லை. கஸ்தூரி முகக்கவசத்துக்கு மேலே கண்ணிமைக்காமல் கேட்டாள்.

“அம்மாகிட்ட கேட்டீங்களா?”

“இல்ல.”

“கேட்டிருந்தா, எல்லாருக்கும் சேந்தே வரட்டும்னு அவங்களே சொல்லியிருப்பாங்களோ என்னவோ. இல்ல, எனக்கு மொதல்ல குடுங்கன்னு சொல்லியிருப்பாங்க. யாருக்குத் தெரியும்?” தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். “ஓட்டுன்னா என்னாக்கா? நம்மளயும் ஒரு வார்த்த கேக்கறதுதானே. ஊர்ல உள்ளவங்க எல்லாம் எங்கள கேக்கணும்னு சண்ட போட்டீங்க. நீங்க கேக்கல.”

கதவைத் திறந்து இறங்கி, பள்ளிக்குள் போனாள். அரைமணி நேரத்தில் திரும்பி வந்து, கார் கண்ணாடி அருகே குனிந்தாள்.

“நான் பஸ்லயே போய்க்கிறேன்லா.”

சந்திரமதியும் உள்ளே போய் வந்தார். அன்றும் வெற்றுச் சீட்டுதான்.

அடுத்த ஞாயிறு பத்து பாகாட்டில் ஒரு மகளிர் சங்கம் அவருக்குப் பாராட்டு விழா வைத்திருந்தது. பொன்னாடை போர்த்தும் முன்பே ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினார். காரில் சொன்னதை மேடையில் சொன்னார். அவரால் நீல ஐசி பெற்ற நான்கு பெண்கள் எழுந்து வெளியே போனார்கள். அவர்கள் வெள்ளையம்மாவோடு ஒரே லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்தவர்கள். சங்கத் தலைவி பிரவீனா தாழ்ந்த குரலில், “இப்ப எதுக்குக்கா இதெல்லாம்?” என்றாள். பொன்னாடை தட்டிலேயே இருந்தது. கஸ்தூரி வரவில்லை. பிறகும் அவள் பேசவில்லை.

மே மாதம் பக்கத்து ஊரான பெக்கோக்கிலிருந்து ஆறு பெண்களின் கோப்புகள் சந்திரமதி வழியாகப் போயின. இந்த முறை வேறோர் அதிகாரி, அதே பேச்சு: ஆறு பேரில் தேன்மொழியின் தாள்கள் தயார், தனியாக அனுப்பலாமா?

“கேட்டுட்டு வந்து சொல்றேன்” என்றார் சந்திரமதி.

பெக்கோக்குக்குப் போய் ஆறு பேரையும் ஒன்றாக உட்காரவைத்தார். தனியாகப் போனால் என்ன ஆகும், சேர்ந்து போனால் என்ன ஆகும், தனக்குத் தெரியாதது எது என்பதையெல்லாம் சொன்னார். தேன்மொழிக்கு யோசிக்க நேரம் வேண்டியிருக்கவில்லை.

“தனியாவே அனுப்புங்கக்கா. என்னால காத்திருக்க முடியாது.”

மற்ற ஐந்து பேரில் இருவர் அங்கேயே தங்கள் கோப்பைத் திருப்பிக் கேட்டார்கள். வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். சந்திரமதி கொடுத்துவிட்டார்.

திரும்பும் வழியில் செம்பனைகளுக்கு நடுவே மழை பிடித்துக்கொண்டது. பக்கத்து இருக்கையில் மூச்சு, இழுத்து, நின்று, வெளியேறியது. இத்தனை வருடத்தில் முதல்முறையாகச் சந்திரமதி அந்தப் பக்கம் பார்த்துப் பேசினார்.

“அவ தனியாப் போறேன்னுட்டாம்மா. ரெண்டு பேருக்கு எம்மேல கோவம்.”

சாஆ வரும்வரை, பெக்கோக்கில் யார் யார் என்ன சொன்னார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே ஓட்டினார்.