பந்தி முடிந்த பிறகு

மூன்றாவது முறை தேதி குறித்து, ஒருவழியாகக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தேவிட்டது. முதல் தேதியைத் தேர்தல் நடத்தை விதி விழுங்கியது. இரண்டாவது தேதியைப் புயல். வெள்ளம் வருமா வராதா என்று பேசவேண்டிய கூட்டத்தை வெள்ளமே வந்து ஒத்திப்போட வைத்தது. இதைக் கேட்டுச் சிரிக்கும் நிலையில் கோரைப்பாக்கத்தில் யாரும் இல்லை. புயலடித்த அன்று லோகநாயகியின் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது.

விஷயம் இதுதான். ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழியும் தண்ணீர், ஊருக்குக் கிழக்கே தாழ்வாகக் கிடக்கும் தாங்கலில் போய்த் தங்கும். அங்கிருந்து மெல்ல மெல்லப் பக்கிங்ஹாம் கால்வாய்க்கு இறங்கும். அந்தத் தாங்கலில் மண்ணடித்து மேடாக்கி, 'அலைமுற்றம் வில்லாஸ்' என்ற பெயரில் வீடுகள் கட்டப்போகிறார்கள். லோகநாயகியின் வீடு ஊரிலேயே பள்ளத்தில் இருப்பது. தாங்கல் இருக்கும்போதே முழங்கால் அளவு. அதுவும் போய்விட்டால்?

கூட்டம் நடந்த இடம் திருக்கழுக்குன்றம் சாலையில் ஒரு கல்யாண மண்டபம். மணமேடையில் மேஜை போட்டு, தலைமை வகிக்கும் அதிகாரி கோதண்டராமன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் குறிப்பெடுக்க ஹரிப்ரியா என்ற இளம் பொறியாளர். பின்னால் போன வாரக் கல்யாணத்தின் தெர்மோகோல் எழுத்துகளில் பாதி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன.

ஆரம்பிக்கும் முன்பே லோகநாயகியின் கணவருக்கு அண்ணன் முனிசாமி மேடையேறி, அதிகாரிக்குப் பொன்னாடை போர்த்தினார். பளிச்சென்று போட்டோ எடுத்தார்கள்.

"எதுக்கு மாமா இந்த வேல?" என்றாள் லோகநாயகி, அவர் இறங்கி வந்ததும்.

"பெரிய அதிகாரி நம்ம ஊருக்கு வந்துகீறாரு. வெறுங்கையோடவா வா சொல்றது? சொம்மா இரு லோகா."

கம்பெனியின் ஆலோசகர் ஷ்யாம் திரையில் படம் காட்டினார். நீலம், பச்சை, அம்புக்குறிகள். "இந்த அளவு மழை நூறு வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும்" என்றார்.

மைக் லோகநாயகியிடம் வந்தது. மைக்கில் பேசிப் பழக்கமில்லாததால் சத்தமாகவே பேசினாள்.

"நூறு வருசத்துக்கு ஒரு தபான்னு சொல்றீங்க. நான் கல்யாணம் கட்டி வந்ததுலருந்து மூணு தபா பாத்துட்டேன். எனக்கு இன்னா முந்நூறு வயசா சார்?"

மண்டபம் சிரித்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"மழ முன்ன மாதிரி இல்ல. ஒரு மாச மழ ஒரே ராத்திரியில கொட்டுது. கடலும் ஏறிகினு கீது, கால்வாய்த் தண்ணி எறங்க மாட்டேங்குது. தாங்கல மூடிட்டா ஏரித் தண்ணி என் வூட்டுக்குத்தான் வரும். மூடக் கூடாது. அவ்ளோதான்."

அடுத்துப் பேசியவள் ஸ்வாதி. படூரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் தரைத்தளம். சிறுசேரியில் வேலை. அவர்கள் காரும் ஒருமுறை மூழ்கியிருந்தது. கம்பெனி கொடுத்த அறிக்கையில் இருப்பது பழைய மழைக் கணக்கு, கடைசிப் பத்து வருடத்து மழையே அதில் சேரவில்லை என்று பக்க எண்ணோடு சொன்னாள். பேசி முடித்துப் பையை மாட்டிக்கொண்டே லோகநாயகியிடம் குனிந்தாள்.

"அக்கா, அரை நாள் லீவுதான் குடுத்தாங்க, கிளம்புறேன். கடைசியில இன்னிக்குப் பேசினதை எழுதி, தமிழ்ல வாசிச்சுக் காட்டணும். அது சட்டம். அதைக் கேக்காம போயிடாதீங்க."

"நீயும் இருந்தா தேவலாமே பாப்பா."

"மேனேஜர் ரெண்டு தடவ போன் பண்ணிட்டார்க்கா" என்று சொல்லி ஓடினாள்.

இன்னும் பலர் பேசினார்கள். கோபமாக, அழுகையாக, சிலர் சம்பந்தமே இல்லாமல் ரேஷன் கடையைப் பற்றி. எல்லாவற்றுக்கும் கோதண்டராமன் ஒரே குரலில் "பதிவு செய்யப்பட்டது" என்றார். ஒரு மணிக்கு யாரோ மைக்கில் அறிவித்தார்கள்: "எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போகணும்."

அங்கேதான் கோரைப்பாக்கம் கோட்டை விட்டது. மண்டபத்துக்கு வந்தவர்கள் பந்தியில் உட்கார்ந்து, பாயசம் குடித்து, கை கழுவி, வெற்றிலை மடித்துப் போட்டால் அதன் பெயர் கிளம்பும் நேரம். பிறந்ததிலிருந்து அப்படித்தான். பந்திக்குப் பிறகு மண்டபத்துக்குள் திரும்பிப் போய் உட்காருபவன் ஒன்று பெண் வீட்டுக்காரன், இல்லை பாத்திரம் எண்ணுபவன். எதிர்ப்புத் தெரிவிக்க வந்த மொத்த ஊரும் பிரிஞ்சியைப் பாராட்டியபடியே வெளியே போய்விட்டது.

லோகநாயகி மட்டும் இலையைப் பாதியில் மூடிவிட்டு உள்ளே வந்தாள். பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் ஒன்றைப் பிடுங்கிப் போட்டு உட்கார்ந்தாள்.

ஹரிப்ரியா வாசிக்க ஆரம்பித்தாள். "ஊர்ப் பெரியவர் திரு. முனிசாமி பொன்னாடை அணிவித்து வரவேற்றார். பொதுமக்கள் திட்டம் குறித்துச் சில விளக்கங்கள் கேட்டனர். நிறுவனத்தின் சார்பில் தகுந்த பதில் அளிக்கப்பட்டது. பொதுமக்கள் ஒத்துழைப்புடன் கூட்டம் நிறைவுற்றது."

அவ்வளவுதான்.

தனக்குக் கோபம் வரும் என்றுதான் லோகநாயகி நினைத்தாள். வந்தது அசதி. மூன்று தேதி, இரண்டு வருடம், எத்தனை மனு. கடைசியில் 'சில விளக்கங்கள்.'

"சார், மூடக் கூடாதுன்னு சொன்னேனே. அது எங்க?"

"சாராம்சம்தான் எழுதுவோம்மா. நீங்க பேசினது முழுக்க வீடியோவுல இருக்கு."

"அந்த வீடியோவ யார் சார் பாப்பாங்க?"

கோதண்டராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு நாளைக்கு வேறொரு ஊரில் இதே போல் ஒரு கூட்டம். "பொய் சொல்ல விரும்பல. யாரும் பாக்க மாட்டாங்க."

"அப்ப எழுதுங்க."

"கூட்டத்துல இருக்கறவங்க ஒத்துக்கலன்னா திருத்தலாம். ஆனா கூட்டம் எங்கம்மா? நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க."

சட்டப்படி அவர் சொன்னது சரியா என்று கேட்க ஸ்வாதி இல்லை. லோகநாயகி எழுந்தாள். "வாசிச்சதோட நிறுத்துங்க. கையெழுத்துப் போட்றாதீங்க. வந்துட்றேன்."

நல்லவேளை, பஸ் இன்னும் வரவில்லை. நிறுத்தத்தில் ஊரே வெற்றிலை மென்றுகொண்டு நின்றது.

"மாமா, உள்ள வாங்க. எல்லாரும் வாங்க."

"சோறு போட்டாங்க, துன்னோம், வந்தோம். இன்னும் இன்னா பேஜாரு?" என்றார் முனிசாமி.

"நாம எதிர்ப்பே சொல்லலன்னு எழுதிகினு கீறாங்க. மொத வரியில உங்க பேரு. பொன்னாட போத்தி வரவேத்தீங்களாம்."

முனிசாமி வெற்றிலையைத் துப்பினார். "அது மரியாதைக்குப் போத்துனது."

"அத என்கிட்ட சொல்லி இன்னா ஆவறது? உள்ள வந்து சொல்லுங்க."

"பஸ்ஸு பூடுமே லோகா. அடுத்தது சாயங்காலந்தான்."

"உங்க வூடு மேட்டுல கீது மாமா. என் வூடு?"

பதிலுக்கு நிற்காமல் திரும்பி நடந்தாள். பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. சிலர் ஏறிக்கொண்டார்கள். சிலர் ஏறவில்லை. எத்தனை பேர் என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கப் பயமாக இருந்தது. மண்டபத்துக்குள் நுழைந்த பிறகுதான் செருப்புச் சத்தம் கேட்டது. பாதி ஊர் வந்திருந்தது.

அடுக்கிய நாற்காலிகளை முணுமுணுத்தபடி இறக்கினார்கள். முனிசாமி உட்காரவில்லை.

"சார், அந்த சால்வ மரியாதைக்கு. சம்மதத்துக்கு இல்ல. அதயும் எழுதுங்க."

"மரியாதையை எல்லாம் எப்படிங்க எழுதறது?"

"அப்ப அந்த வரிய எடுத்துடுங்க. மரியாதையும் வாணாம்."

யாரோ சிரித்தார்கள். கோதண்டராமனின் உதட்டோரமும் அசைந்தது. பிறகு நெடுநேரம் இழுபறி. 'எதிர்ப்பு' என்ற சொல்லுக்குப் பதில் 'கவலை' என்று போடலாமா என்று ஷ்யாம் கேட்டார். "கவல வூட்ல வெச்சிகினு கீறோம், இது எதிர்ப்பு" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். ஹரிப்ரியா அடித்தாள், எழுதினாள், மறுபடி அடித்தாள். கடைசியில் வாசித்தாள்.

"தாங்கலை நிரப்பினால் ஏரியின் உபரிநீர் வீடுகளுக்குள் புகும் என்று கூறி, அதை நிரப்பக்கூடாது எனப் பொதுமக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். அறிக்கையில் அண்மைக்கால மழையளவு சேர்க்கப்படவில்லை என்றும் கூறினர்."

"இன்னொரு தபா படிம்மா" என்றாள் லோகநாயகி. ஹரிப்ரியா படித்தாள்.

"இத வெச்சி நிறுத்திடுவாங்களா சார்?"

"நிபுணர் குழு முடிவு பண்ணும்மா. அனுமதி குடுத்தாலும் குடுப்பாங்க." கோதண்டராமன் பேனாவை மூடினார். "ஆனா ஊருல எதிர்ப்பே இல்லன்னு இனி யாரும் சொல்ல முடியாது. நாளைக்குப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனீங்கன்னா, கையில காட்ட இந்த வரி இருக்கும்."

சாயங்கால பஸ்ஸில்தான் ஊர் திரும்பினார்கள். முனிசாமி வழி முழுக்கத் தூங்கிக்கொண்டே வந்தார்.

வீட்டு வாசலில் கணவர் சரவணகுமார் தன் கேப் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "இன்னா ஆச்சு?" என்றார்.

"ரெண்டு வரி எழுத வெச்சோம்."

"ரெண்டு வரியா? நாள் பூரா உக்காந்தா?"

"மாமா கூட வந்தாரு" என்றாள். கிழக்கே, தாங்கலுக்கு மேல், மேகம் திரண்டிருந்தது. ஐப்பசி பிறக்க இன்னும் நாள் இருந்தது. அந்தக் கணக்கையெல்லாம் மேகம் இப்போது பார்ப்பதில்லை.

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போய், பிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினாள்.

"வந்து அந்தப் பக்கம் புடி."

சரவணகுமார் வந்து பிடித்தார். இருவரும் மூச்சுப்பிடித்துத் தூக்கி, சிமெண்ட் கல்லின் மேல் வைத்தார்கள். அவர் கையை உதறிக்கொண்டு நகரப் போனார்.

"எங்க போற? போன வருசம் இந்த அளவுக்கு வந்துச்சு" என்றாள் லோகநாயகி, சுவரில் கையை வைத்துக் காட்டி. "இந்த வருசம் இன்னொரு கல்லு வெச்சிடு."