பூஜை போட்ட சர்வர்

சர்வர் இருந்த இரும்பு அலமாரியில் யாரோ வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். கவின்ராஜுக்கு வந்த கோபத்தில் அதைப் பிடுங்கித் தெருவில் எறிந்திருப்பான். சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை என்று எல்லாம் பலமாக இருந்தது. சர்வரின் சத்தம் மட்டும் இல்லை. அணைத்துவிட்டார்கள்.

மைசூரு மண்டி மொஹல்லாவில் இருந்த அந்த ஊதுபத்தி ஏற்றுமதிக் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் ஆள் என்றால் அவன் ஒருவன்தான். தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூர்க்காரன். வேலையை விட்டுப் போகிறவர்களின் மெயில் பெட்டியை அன்றைக்கே அழித்துவிட வேண்டும் என்பது முதலாளி பசவராஜ் போட்ட சட்டம். போன மாதம் ஆர்டர்களைக் கவனித்துவந்த மோலி விலகியபோதும் அவன்தான் அழித்தான். அதற்கப்புறம் வந்தது வம்பு. சந்தன ஊதுபத்தி கேட்ட வெளிநாட்டுக்காரருக்கு மல்லிகை போய்ச் சேர்ந்து, சரக்கு மொத்தமும் திரும்பி வந்தது. பழி மோலி தலையில் விழுந்தது. தப்பை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால்தான் ரிலீவிங் லெட்டர் என்று பசவராஜ் பிடிவாதமாக நின்றார். லெட்டர் இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி அலுவலகத்தில் அவளுக்குக் கிடைத்த புது வேலை இந்த வாரத்தோடு போய்விடும்.

"சந்தனம் ஸ்டாக் இல்ல, மல்லிகை அனுப்பலாமான்னு சாருக்கு மெயில் போட்டேன் கவின். அனுப்புன்னு அவரே பதில் போட்டாரு. என் பெட்டியில இருக்கு, பாரு" என்று நேற்றுதான் மோலி போனில் அழுதாள். முதலாளியிடம் அது இருக்காது. வந்த மெயிலையும் போன மெயிலையும் அன்றன்றே துடைத்துவிடுகிற ஆசாமி அவர்.

அழித்த பெட்டி சர்வருக்குள் ஒரு மாதம் கிடக்கும். பிறகு சர்வரே அதைத் தீர்த்துக் கட்டிவிடும். அந்த ஒரு மாதம் இன்று முடிகிறது. இன்று பார்த்துத்தானா ஆயுத பூஜை வர வேண்டும்?

கவின்ராஜ் சுவிட்சில் கை வைக்கப் போனான். பசவராஜ் பாய்ந்து வந்து கையைப் பிடித்தார்.

"பேடா பேடா! பூஜை ஆயித்து அல்வா? பூஜை முடிஞ்சதைத் தொட வேண்டாம். நாளைக்கு நல்ல நேரம் பார்த்து நானே ஆன் பண்றேன்."

"ஒரு அஞ்சு நிமிசம் போதுமுங்க. இல்லீனா நகல் இருக்கற பேக்கப் டிஸ்கையாச்சும் எடுத்துக்கறனுங்க."

"எதையும் தொடக்கூடாது!"

அவனை வெளியே தள்ளாத குறையாக அனுப்பிவிட்டு, அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். கவின்ராஜுக்கு அழுகையே வந்துவிட்டது. நாளை சர்வர் எழுந்ததும் தேதியைப் பார்க்கும், மோலியின் பெட்டியை ஒழிக்கும், அந்த லட்சணத்தையே பேக்கப் டிஸ்கில் பழையதன் மேல் எழுதிவைக்கும். சுவிட்ச் போடும்போது பக்கத்தில் நின்றால் மட்டுமே தடுக்கலாம்.

விஜயதசமியன்று காலையிலேயே கிளம்பினான். கிளம்பி என்ன பயன்? யானை ஊர்வலத்துக்காகத் தெருவெல்லாம் தடுப்பு. போலீஸ்காரரிடம் கெஞ்சினான். "ஆனெ ஹோகலி, ஆமேலே ஹோகு" என்றார் அவர், யானை போகட்டும், அப்புறம் போ என்று. முதலாளிக்குப் போன் அடித்தான், எடுக்கவில்லை. நடுவில் மோலி, வேலை முடிந்ததா என்று கேட்டு அழைத்தாள்.

"கவின், ஆயித்தா?"

"இன்னும் இல்லீங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் பக்கத்துச் சந்துக்குள் ஓடினான்.

சந்து சந்தாகச் சுற்றி ஆபீஸ் போய்ச் சேர்ந்தபோது சர்வர் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. பசவராஜ் தேங்காய்ச் சில்லோடு சிரித்துக்கொண்டு நின்றார். கவின்ராஜ் உட்கார்ந்து தேடினான். மோலியின் பெட்டி இல்லை. மேசையை ஓங்கிக் குத்தினான்.

"நல்ல நாளும் அதுவுமா ஏன்ப்பா கோபம்? நேத்து எல்லாரும் அவங்கவங்க ஆயுதம் வெச்சாங்க. தராசு, கத்தரிக்கோல், என் கார் சாவி. நீ ஒண்ணும் வெக்கல. நீ போனப்புறம் நான்தான் உனக்காக அதைக் கழட்டி வெச்சேன்" என்று பூஜைத் தட்டைக் காட்டினார்.

சாமுண்டி படத்துக்கு முன்னால், தராசுக்கும் சாவிக்கும் நடுவே, குங்குமப் பொட்டோடு இருந்தது பேக்கப் டிஸ்க்.

கவின்ராஜ் ஒரே தாவில் அதை எடுத்துத் தன் லேப்டாப்பில் மாட்டினான். மோலியின் பெட்டி அப்படியே இருந்தது. அவள் கேட்ட கேள்வியும், அதற்குக் கீழே பசவராஜின் பதிலும்: இருக்கிறதை அனுப்பு, என்னைத் தொந்தரவு செய்யாதே.

பின்னால் நின்று படித்த பசவராஜின் தேங்காய் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. மெல்லச் சொன்னார்: "இதை அழிச்சுடு கவின்."

"சாமி முன்னால நீங்களே வெச்சதுங்க" என்றான் கவின்ராஜ். "நான் எப்படிங்க அழிக்கிறது?"

பசவராஜ் சாமுண்டியைப் பார்த்தார். டிஸ்கைப் பார்த்தார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து கம்பெனி முத்திரையை எடுத்தார்.

மறுபடி போன் அடித்தது.

"கவின், ஆயித்தா?"

"ஆயித்துங்கக்கா. லெட்டர் வாங்க நீங்களே நேர்ல வாங்க" என்றான், முதலாளி காதில் நன்றாக விழும்படி.