கல்மேசை மேல் ஒரு டிஷ்யூ பொட்டலம்

நாற்பத்தோராம் புளோக்கில் கடைசிக் குடும்பமும் காலி செய்து ஒரு மாதமாகியிருந்தது. இடிப்பதற்காக மதியத்துக்குள் தகர வேலி அடைத்துவிடுவார்கள்.

ஹுவே லெங் குறிப்பேட்டைப் பார்த்தாள். முப்பத்தாறு படச் சுருளில் முப்பத்து நான்கு முடிந்திருந்தது. தபால்பெட்டி வரிசை, லிஃப்ட் வாசல், அவள் பிறந்து வளர்ந்த ஒன்பதாம் மாடி நடைவழி. நேரம், ஒளி அளவு எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தாள். ஆனால் எல்லாமே வேறு யாரோ எடுத்தது போலிருந்தது. புகைப்பட மாலை வகுப்பின் கண்காட்சியில் ஆளுக்கு ஒரே படம்தான். நாளைக்குள் கொடுக்க வேண்டும்.

மிச்சம் கீழ்த்தளம், வீட்டோடும் சேராத, தெருவோடும் சேராத வெற்றிடம். தூண்களுக்கு நடுவே, கட்டம் பதித்த கல்மேசையில் ஒரு டிஷ்யூ பொட்டலம் கிடந்தது. குப்பை என்று எடுத்துப் பைக்குள் போட்டுவிட்டு முப்பத்தைந்தாவதாக வெறும் மேசையை எடுத்தாள்.

அப்போது பாக் ஜுமாட் ஆட்டக் காய் டப்பாவோடு வந்து, காற்று வரும் பக்கமாக உட்கார்ந்தார். பின்னாலேயே காப்பிப் பையோடு டெக் சூன். இருவரும் இந்தப் புளோக்கின் பழைய ஆட்கள்.

"யோவ், எந்திரி! ஏழு மணிக்கே டிஷ்யூ வச்சுட்டுத்தான் காப்பி வாங்கப் போனேன்."

"எங்கய்யா டிஷ்யூ? கனவு கண்டியா?"

"நாப்பது வருஷமா உனக்கு இதே திருட்டுப் புத்தி!"

ஹுவே லெங்குக்கு முகம் சூடேறியது. உணவங்காடியில் இடம் பிடிக்க யாராவது டிஷ்யூ வைத்த மேசையை அவள் தொட்டதே இல்லை. சுடச்சுடத் தட்டை ஏந்திக்கொண்டு வேறு இடம் தேடுவாள். இங்கே மட்டும் யோசிக்கவே இல்லை. யாரும் வரமாட்டார்கள் என்று அவளே முடிவு கட்டியிருந்தாள்.

"அங்கிள், நான்தான் எடுத்தேன். குப்பைன்னு நினைச்சுட்டேன்."

"குப்பையா! சிங்கப்பூர்லதான் பொறந்தியா நீ?"

"கடைசி நாளாவது காத்து வாங்கலாம்னு பாத்தேன், கெடுத்துட்டியே பொண்ணு," என்று பாக் ஜுமாட் எழுந்தார்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க. இதை எங்க வச்சிருந்தீங்களோ அங்கயே வைங்க அங்கிள்."

டெக் சூன் அவள் நீட்டிய பொட்டலத்தை வாங்கி மூலைக் கட்டத்தில் வைத்து, விரலால் நேராக்கினார். அவள் ஒளியை அளந்தாள். ஒரே தரம் பொத்தானை அழுத்தினாள்.

குறிப்பேட்டில் முப்பத்தைந்தைக் கோடிட்டு அடித்தாள். முப்பத்தாறுக்கு எதிரே நேரமும் ஒளி அளவும் எழுதி, பக்கத்தில் தலைப்பும் எழுதினாள்: 'ஆள் வருது.'

"எடுத்தாச்சா? உக்காரலாமா?" என்றார் டெக் சூன்.

"உங்க எடம் அங்கிள், உக்காருங்க."